கிணற்றில் ஓட்டிப் பார்த்த படகு

சங்கரன்கோவில்
4.8.2024

சம்பந்தி மருதப்பன் அவர்களுக்கு,

தங்கத்தாய் எழுதுவது. உறையில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கிழித்தாலும் பரவாயில்லை, நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

என் மகள் வேல்விழி உங்கள் வீட்டு மருமகளாகி இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடமும் நீங்களும் நானும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த உங்கள் மீனவர் சங்கத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அதை எழுத இப்போது உட்காரவில்லை.

சித்திரையில் உங்களுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டதையும் பேச்சு குழறுவதையும் வேல்விழி போனில் சொன்னாள். "குளத்தங்கரையிலயே உக்காந்திருக்காவ, யாரு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்காவ" என்றாள். ஒற்றைக் கையால் தெப்பத்தையும் தள்ள முடியாது, வலையையும் பிடிக்க முடியாது. நீங்கள் தண்ணீரில் இறங்காவிட்டால் சங்கத்தில் உங்கள் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். தை பிறந்ததும் உங்களையும் மாடத்தி மதினியையும் திருப்பூருக்குக் கூட்டிப் போய்விட மாப்பிள்ளை இசக்கிராஜா முடிவு செய்திருக்கிறாராம். அங்கே அவர்கள் இருப்பது மூன்றாவது மாடியில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு.

நான் உங்கள் மேல் இரக்கப்பட்டு எழுதவில்லை. பேசாத மாமனாரை ஒற்றை அறையில் வைத்துக்கொண்டு என் மகள் என்ன பாடுபடுவாள் என்று நினைத்து எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு இயந்திரத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டால் அது முடிகிற வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. காலால் மிதித்து ஓட்டுகிற படகு ஒன்று செய்தால் உங்கள் கை சும்மா இருக்குமே, அந்தக் கையால் வலை விடலாமே என்று பதினைந்து நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். இடது கை முழுசாக நன்றாக இருக்கிறதா? கால் இரண்டும் நன்றாக இருக்கின்றனவா? உங்கள் எடை என்ன? வெட்கப்படாமல் எழுதுங்கள். தறிக்குப் பல் எத்தனை என்று தெரியாமல் சக்கரம் மாட்ட முடியாது.

கடிதத்தைத் தபாலில் போட வேண்டாம். சிவகிரி பஸ் கண்டக்டர் பேச்சிராஜிடம் கொடுங்கள். தறிக் கொட்டகை வாசலில்தான் அந்த பஸ் நிற்கும்.

இப்படிக்கு,
கு. தங்கத்தாய்,
விசைத்தறி பிட்டர்

*

சிவகிரி
9.8.2024

தங்கத்தாய் அம்மாளுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். நானும் இதற்கு முன் இடது கையால் எதுவும் செய்ததில்லை.

உங்களிடம் படகு கேட்டது யார்? நான் கேட்கவில்லை.

கை நன்றாக இருக்கிறது. கால் இரண்டும் கல்தூண். எடை எழுபத்திரண்டு.

போனில் கூப்பிட வேண்டாம். நான் பேசினால் எதிரில் இருப்பவர் "ஆங்? ஆங்?" என்கிறார். ஆறு வயதுப் பிள்ளை முதல் மணியக்காரர் வரை எல்லோருக்கும் அந்த ஒரே கேள்விதான். அதனால் வெளியாள் யாரிடமும் பேசுவதை விட்டுவிட்டேன்.

மருதப்பன்

*

சங்கரன்கோவில்
18.8.2024

சம்பந்தி அவர்களுக்கு,

படகு கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு எடையையும் எழுதிவிட்டீர்களே, அதுவே போதும்.

இத்துடன் வரைபடம் வைத்திருக்கிறேன். போர்வெல்லில் இறக்குகிற பத்து அங்குலப் பிளாஸ்டிக் குழாய் இரண்டு, பத்தடி நீளம். இரண்டு முனையையும் அடைத்துவிட்டால் அதுதான் மிதவை. நடுவில் இரும்புச் சட்டம், அதன்மேல் கால் அறுத்த பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் சைக்கிள் பெடல், செயின், பின்னால் தண்ணீருக்குள் ஒரு காற்றாடி. நீங்கள் மிதித்தால் காற்றாடி சுற்றும், படகு போகும். என் வீட்டுக்காரர் குருநாதன் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது பறக்குமா?" என்கிறார். பறக்காது என்று சொல்லியிருக்கிறேன்.

தண்ணீர் விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் ஊரில் தண்ணீரைக் குடத்தில்தான் பார்த்திருக்கிறேன். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். இதில் எனக்குக் கோபம் வராது, கோபம் வருகிற விஷயம் வேறு.

தங்கத்தாய்

*

சிவகிரி
25.8.2024

தங்கத்தாய் அம்மாளுக்கு,

குறை சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். மிதவை நல்ல யோசனை. நாங்கள் தெர்மாகோலைச் சாக்கில் கட்டி அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுகிறோம். முட்டுவரை நனையும், ஒரு வருடத்தில் பிய்ந்துவிடும். குழாய் பிய்யாது.

காற்றாடி மட்டும் உதவாது. எங்கள் பெரியகுளத்தில் பாதிக்குப் பாசி. உங்கள் காற்றாடி பத்து சுற்று சுற்றுவதற்குள் தலைமுடி வளர்த்துக்கொண்டு நின்றுவிடும். தண்ணீருக்குள் கருவேல மரமும் நிற்கிறது. முள் பட்டால் ஒரு இதழ் போய்விடும்.

இந்த இரண்டு நாளும் கரையில் உட்கார்ந்து ஒன்றைக் கவனித்தேன். அதே பாசிக்குள் விரால் போகிறது. சிக்குவதில்லை. ஏனென்றால் விராலிடம் சுற்றுகிற சாமான் ஒன்றும் கிடையாது. வாலை இங்கன ஒரு தட்டு, அங்கன ஒரு தட்டு. அவ்வளவுதான்.

சத்தமும் இருக்கக் கூடாது. இருபது வயதில் நான் இந்தக் குளத்தில் நாமக்கோழி வேட்டைக்குப் போனவன். கழுத்தளவு தண்ணீரில் தலையில் கோரையை வைத்துக்கொண்டு ஒரு காலை எடுத்து வைக்க அரை நாழிகை ஆகும். அப்படியும் பறந்துவிடும். செயின் கடகடவென்றால் பறவை என்ன, மீன்கூட நிற்காது.

எழுதக் கை வலிக்கிறது. ஆனால் இந்த நாலு மாதத்தில் இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் எதையும் சொன்னதில்லை.

மருதப்பன்

*

சங்கரன்கோவில்
6.10.2024

சம்பந்தி அவர்களுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் நீங்களும் அந்த விராலும்தான். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே காற்றாடியைக் கழற்றித் தூர வைத்துவிட்டேன். முப்பது வருடமாக வேலை பார்க்கிறேன், என் வரைபடத்தில் இவ்வளவு துல்லியமாகக் குறை சொன்னவர் யாரும் இல்லை. வாசித்துவிட்டு எழுந்து நின்றேன்.

தறியிலும் எல்லாம் சுற்றுவதில்லை. ஊடு நூலைக் கொண்டு போகிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது, பலகை முன்னும் பின்னும் அடிக்கிறது. அப்படிப் போய்வருகிற வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இப்போது பெடல் இல்லை. தையல் மிஷின் போலக் காலுக்கு இரண்டு மிதிகட்டை. இடது கட்டையை மிதித்தால் இடது பக்கத்து வால் ஒரு தட்டு தட்டும், தறி ஸ்பிரிங் அதைத் திருப்பி இழுக்கும். வலதுக்கும் அப்படியே. வால் இரண்டும் லாரி டயர் ரப்பரில் வெட்டினது. ரப்பருக்கு முதலில் தகடு போட்டேன், மடங்கவில்லை. பிறகு நுனி மெலிவாகச் சீவினேன். சாயத் தொட்டியில் வைத்து அடித்துப் பார்த்தபோது நீலத் தண்ணீர் என் சேலையெல்லாம் தெறித்தது. அப்போதே தெரிந்துவிட்டது, இது ஓடும்.

இதில் எனக்குப் பெருமையான விஷயம் ஒன்று உண்டு. திருப்புவதற்குத் தனியாக எதுவும் வேண்டாம். வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் இடது காலை மட்டும் மிதித்தால் போதும்.

ஓட்டிப் பார்க்கக் குளத்துக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்துக் குளத்தில் ஆட்டுக்குட்டி மேய்கிறது. கரிவலம்வந்தநல்லூரில் என் சின்ன மாமனார் தோட்டத்துக் கிணறு பெரிது, முப்பதடிச் சதுரம். தறி தூக்குகிற சங்கிலியைக் கட்டிப் படகை உள்ளே இறக்கினோம். என் வீட்டுக்காரர் இடுப்பில் கயிற்றோடு உட்கார்ந்து மிதித்தார். நாற்பது சுற்று சுற்றினார், சுவரில் ஒரு இடத்தில்கூட இடிக்கவில்லை. கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. மேலே ஏறி வந்தவருக்குத் தலை சுற்றி, ஒரு மணி நேரம் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தமும் இல்லை. கிணற்றுப் பொந்தில் இருந்த புறா இருந்தபடியே இருந்தது.

வேட்டை என்று எழுதியிருந்தீர்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் படகில் துப்பாக்கி ஏறியது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே ஸ்பேனரோடு வந்து கடைசித் திருகாணி வரை கழற்றிக்கொண்டு போய்விடுவேன்.

மழை விழுந்து குளம் பெருகட்டும். குட்டி யானை வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன்.

தங்கத்தாய்

*

சிவகிரி
24.11.2024

தங்கத்தாய் அம்மாளுக்கு,

முதலில் துப்பாக்கி விஷயம். அது இருபது வருடத்துக்கு முன்பே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. நீங்கள் ஸ்பேனரை எடுக்க வேண்டிய அவசியமில்லை.

குளம் நிரம்பி மறுகால் பாய்கிறது. படகு வந்து பத்து நாள் ஆகிறது. சங்கத்து ஆட்கள் கண்ணில் படாமல் விடியுமுன் இறக்கி ஓட்டிப் பார்க்கிறேன், மாடத்தி கரையில் நிற்பாள். முதல் நாள் உட்கார்ந்து மிதித்ததும் அது என் அடியில் மெதுவாக நகர்ந்தது பாருங்கள், அதை என்னவென்று எழுத? சித்திரையிலிருந்து நான் நகர்ந்ததெல்லாம் மாடத்தி தோளில் கை போட்டுத்தான். அன்றைக்கு நானாக நகர்ந்தேன். நனையவில்லை. பாசிக்குள் விட்டுப் பார்த்தேன், சிக்கவில்லை. நீங்கள் எப்பேர்ப்பட்ட ஆள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு சங்கடம் உண்டு. நேராகப் போக மாட்டேன் என்கிறது. எவ்வளவு மிதித்தாலும் வலது பக்கமாகவே வளைகிறது. கருவேல மரத்தைக் குறி வைத்துக் கிளம்பினால் புறப்பட்ட கரைக்கே வந்து சேர்கிறேன். இப்படி வளைந்தால் வலை விட முடியாது. வலை நேராக விழ வேண்டும், இல்லாவிட்டால் அதிலேயே நான் சிக்குவேன்.

பொங்கலுக்கு இன்னும் ஐம்பது நாள் இருக்கிறது. இசக்கிராஜா திருப்பூர் திரும்ப எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து நாலு பேருக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டானாம்.

மருதப்பன்

*

சங்கரன்கோவில்
27.11.2024

சம்பந்தி அவர்களுக்கு,

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கிணற்றில் ஓட்டிப் பார்த்தேன்! கிணற்றுக்குள் வட்டமாகத்தானே போக முடியும்? நாற்பது சுற்றும் அழகாகச் சுற்றுகிறது என்று நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். அது நேராகப் போகுமா என்று யார் பார்த்தது? இந்த ஊர்க்காரியைத் தவிர வேறு எவளும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

இரண்டு வாலும் ஒரே அளவு என்று நினைத்தேன். எங்கோ நூல் அளவு பிசகியிருக்கிறேன், அல்லது ஒரு ஸ்பிரிங் தளர்வாக இருக்கிறது. மிதவையை அங்கேயே வைத்துக்கொண்டு மிதிகட்டையையும் ஸ்பிரிங்கையும் வாலையும் மட்டும் கழற்றி பஸ்ஸில் ஏற்றுங்கள். பேச்சிராஜிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் பின் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொள்வார்.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். தப்பு என்னுடையது. சரி செய்யாமல் உறங்க மாட்டேன்.

தங்கத்தாய்

*

சிவகிரி
30.11.2024

தங்கத்தாய் அம்மாளுக்கு,

சாமான் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சொன்னபடி ஸ்பிரிங்காக இருக்கலாம்.

மருதப்பன்

*

சங்கரன்கோவில்
8.12.2024

சம்பந்தி அவர்களுக்கு,

ஏழு நாள் வேலையை நிறுத்திவிட்டு உங்கள் சாமானோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாலையும் தராசில் வைத்தேன், ஒரே எடை. இரண்டு ஸ்பிரிங்கிலும் கல்லைத் தொங்க விட்டு நீளம் பார்த்தேன், ஒரே நீளம். கொட்டகையில் பன்னிரண்டு தறி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது போல இருந்தது. என் வீட்டுக்காரர் கருவாட்டுக் குழம்பை வைத்துக்கொண்டு, "ஒரு வாயி தின்னுட்டாவது பாரேன், அது எங்கன ஓடிப் போவுது" என்று ஏழு நாளும் பின்னாலேயே நின்றார்.

நேற்று மிதிகட்டையைத் துடைத்தபோது பார்த்தேன். பூட்டும்போது மாறிவிடக் கூடாது என்று இடது கட்டையில் "இ" என்றும் வலது கட்டையில் "வ" என்றும் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தேன். பத்து நாள் மிதித்ததில் "இ" அழிந்து கட்டையே வழுவழு என்று ஆகிவிட்டது. "வ" நான் எழுதின அன்று இருந்தது போலவே இருக்கிறது. ஒரு புள்ளி அழியவில்லை.

கல்தூண் என்று எழுதினீர்களே அண்ணாச்சி.

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று எழுத மாட்டேன். கேட்டேனே! முதல் கடிதத்திலேயே கேட்டேனே! கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உங்களைத் திட்டினேன், நல்ல வேளை நீங்கள் சிவகிரியில் இருக்கிறீர்கள். திட்டி முடித்த பிறகு அந்த "வ"வையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஒற்றைக் காலால் மிதித்துப் பத்து நாளும் அந்தக் குளத்தில் சுற்றியிருக்கிறீர்கள். விழுந்தால் நீந்த ஒரு கையும் ஒரு காலும்தான். அப்படியும் மறுநாள் போயிருக்கிறீர்கள். அதற்கு மறுநாளும் போயிருக்கிறீர்கள். என் கோபம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்க மாட்டேன். அந்தக் காலில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை மட்டும் இந்த முறை நிஜமாக எழுதுங்கள். ஒரு மாதம் இருக்கிறது.

தங்கத்தாய்

*

சிவகிரி
8.12.2024

தங்கத்தாய் அம்மாளுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைப்பதற்குள் நீங்கள் இன்னும் எத்தனை தடவை அதைக் கழற்றி மாட்டியிருப்பீர்களோ தெரியாது. போதும், நிறுத்துங்கள். உங்கள் படகில் ஒரு குறையும் இல்லை. குறை என் வலது காலில்.

நேற்று பேச்சிராஜ் சொன்னான்: "அண்ணாச்சி, அந்தம்மா கொட்டகையைப் பூட்டிட்டு ஒத்தையில உக்காந்து தராசு வச்சு நிறுத்திக்கிட்டு இருக்காவ. ஏழு நாளாச்சி, சோறு தண்ணி கெடையாதாம்." கேட்டதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

வாதம் வந்தபோது கை மட்டும் விழவில்லை. காலும் பாதி விழுந்தது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பேன், கால் தரையில் தேயும். இசக்கிராஜா வருகிறான் என்று தெரிந்தால் அவன் பஸ் வருவதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன், அவன் திரும்பிப் போகிற வரை எழுந்திருக்க மாட்டேன். ஒரு முறை அவன் இரண்டு நாள் தங்கினான். அந்த இரண்டு நாளும் மாடத்தி பட்ட பாட்டை அவளிடம்தான் கேட்க வேண்டும். கால் விஷயம் தெரிந்தால் தை வரைகூட விட்டு வைக்க மாட்டான்.

அது ஒரு காரணம். இன்னொரு காரணம் நீங்கள். நிச்சயதார்த்தத்தில் சங்கத்து ஆட்களை வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "பொம்பள ஸ்பேனரு பிடிக்க வீட்டுல ஆம்பள அரிவாமணையில்லா பிடிப்பான்!" எல்லோரும் சிரித்தார்கள். குருநாதன் அண்ணனும் சிரித்தார், அவர் மனசு பெரிசு. நீங்கள் சிரிக்கவில்லை. மறுவீட்டு விருந்தில் என் வீட்டு இலையில் உட்கார்ந்து, மீன் குழம்பைத் தொடாமல் எழுந்து போனீர்கள். அந்த வாய்தான் இப்போது குழறுகிறது. அப்படிப் பேசினவன் உங்களிடமே வந்து "எனக்குக் காலும் இல்லை" என்று எப்படி எழுதுவான்?

நீங்கள் தப்பு உங்களுடையது என்று எழுதினபோது நான் வாயை மூடிக்கொண்டேன் பாருங்கள், நிச்சயதார்த்தத்தில் பேசினதைவிட அது கேவலம். மன்னிக்கச் சொல்லி எழுத வரவில்லை. உங்கள் வேலையில் குறை இருந்ததாக ஒரு நாள்கூட நீங்கள் நினைக்கக் கூடாது. அதற்காக எழுதினேன்.

படகை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். குருவிகுளம் பக்கம் குளம் குத்தகைக்கு எடுத்தவர்கள் இருக்கிறார்கள். நான் திருப்பூர் போய்க்கொள்கிறேன்.

மருதப்பன்

*

சங்கரன்கோவில்
5.1.2025

அண்ணாச்சிக்கு,

நம் கடிதம் இரண்டும் ஒரே நாளில் எழுதப்பட்டு, ஒரே பஸ்ஸில் எதிரும் புதிருமாகப் போயிருக்கின்றன. பேச்சிராஜ் என் கடிதத்தை உங்களிடம் கொடுத்துவிட்டு உங்கள் கடிதத்தை வாங்கி வந்திருக்கிறார். நான் கேட்கும் முன்பே நீங்கள் எழுதிவிட்டீர்கள் என்று தேதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தேதி எனக்கு மன்னிப்பைவிடப் பெரிசு. உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். "அவரு அன்னைக்குச் சொன்னதுல என்ன தப்பு? நான் அரிவாமணைதான பிடிக்கேன்" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காயை நறுக்கப் போய்விட்டார்.

படகை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. அது எழுபத்திரண்டு கிலோவுக்கு அளந்து செய்தது.

தறியில் இரண்டு விழுதுச் சட்டம் உண்டு. ஒன்று இறங்கினால் மற்றது தானாக ஏறும். மேலே ஒரு உருளை, அதன்மேல் ஒரு பெல்ட், இரண்டு முனையிலும் ஒவ்வொரு சட்டம். தினம் பார்க்கிற சாமான், ஆனால் புத்திக்கு எட்டவில்லை. உங்கள் இரண்டு மிதிகட்டையையும் அந்த மாதிரி ஒரே பெல்ட்டில் பூட்டியிருக்கிறேன். இடது கால் மிதித்தால் வலது கட்டை தானே ஏறும். வலது பக்கத்துக்கு மட்டும் கெட்டியான ஸ்பிரிங் போட்டிருக்கிறேன், அது திருப்பி இறக்கும். மிதிப்பது ஒரு கால்தான், ஆனால் வால் இரண்டும் ஒரே பலத்தில் தட்டும். வலது காலை வாரில் மாட்டிச் சும்மா கட்டைமேல் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கூடவே போய்வரட்டும்.

இதனால் காலால் திருப்புகிற வித்தை போய்விட்டது. என் பெருமையும் அதோடு போனது. அதற்குப் பதிலாக ஆபீசில் போடுகிற சுழல் நாற்காலியை வாங்கி, அதன் அடியிலிருந்து சுக்கானுக்குக் கம்பி இழுத்திருக்கிறேன். நீங்கள் இடுப்பைத் திருப்பினால் நாற்காலி திரும்பும், நாற்காலி திரும்பினால் படகு திரும்பும். இடது கை முழுக்க வலைக்கு.

இந்த முறை கிணற்றில் விடவில்லை. கரிவலத்துக் குளத்தில் இந்த மழைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் மிதவை அங்கே இருப்பதால் அதே அளவில் வேறு இரண்டு குழாயைக் கட்டி, வலது காலைக் கட்டிப் போட்டுக்கொண்டு நானே உட்கார்ந்து மிதித்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. இடுப்பில் லாரி டியூப். கரையிலிருந்து எதிர்க்கரைப் பனைமரம் வரை போனேன். நேராகப் போனேன் அண்ணாச்சி! நடுக்குளத்தில் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன், அப்போதும் நேராகத்தான் போயிருக்கிறேன். அங்கே போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தி மூன்று வயதில் பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதவள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

நாளை காலை வண்டியில் வருகிறது. பூட்டுவதற்கு என் கொட்டகை ஆளை அனுப்புகிறேன். நான் வரவில்லை. நீங்கள் முதலில் ஓட்டுங்கள்.

தங்கத்தாய்

*

சிவகிரி
19.1.2025

அன்புள்ள தங்கச்சி தங்கத்தாய்க்கு,

முதலில் அழைப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயும் குருநாதன் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். மறுவீட்டு விருந்தில் நீ எழுந்து போன இலை இன்னும் என் கண் முன்னால் அப்படியே கிடக்கிறது. அன்றைக்கு வைத்தது கடையில் வாங்கின மீன். இந்த முறை நானே பிடித்து வைத்திருக்கிறேன், மாடத்தி தொட்டியில் உயிரோடு விட்டிருக்கிறாள். மீன் நறுக்க மாப்பிள்ளை வந்தால் நல்லது. எனக்கு ஒரு கைதான் இருக்கிறது, அரிவாள்மணை பிடிக்க நானும் கற்றுக்கொள்கிறேன்.

வண்டி வந்த மறுநாளே, பேச்சிராஜைக் கரையில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

காணும் பொங்கலன்று சங்கத்தில் வலை இறக்கினார்கள். ஊர் முழுக்கக் கரையில் நின்றது. இசக்கிராஜாவும் வேல்விழியும் வந்திருந்தார்கள். நான் நாற்காலியில் இல்லாததைப் பார்த்து அவன் தேடிக்கொண்டு குளத்துக்கு வந்தான். அப்போதுதான் நான் சுவரையும் பிடிக்காமல், ஆளையும் பிடிக்காமல், காலைத் தேய்த்துக்கொண்டே தண்ணீர் வரை நடந்து போனேன். அவன் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உட்கார்ந்தேன், மிதித்தேன். எந்தக் கருவேல மரத்தை நோக்கிப் போக முடியாமல் பத்து நாள் சுற்றினேனோ, அந்த மரத்துக்கே போனேன். அங்கிருந்து வலையை இடது கையால் விட்டுக்கொண்டே இடுப்பைத் திருப்பினேன். இருநூறு முழம் வலை, ஒரு கோணல் இல்லாமல் விழுந்தது. இரண்டு கை இருந்த காலத்தில்கூட நான் அவ்வளவு நேராக விட்டதில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். வலை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா மிதந்தேன். நாமக்கோழிக் கூட்டம் ஒன்று பாசியைக் கொத்திக்கொண்டே என் பக்கத்தில் வந்தது. கை நீட்டினால் தொடலாம். இருபது வயதில் இவ்வளவு பக்கத்தில் போவதற்கு எத்தனை நாள் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறேன்! துப்பாக்கி இல்லையே என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன் ஸ்பேனருக்குப் பயந்து அல்ல.

ஒரு மணி நேரம் கழித்து வலையை எடுத்தேன். கட்லா இரண்டு, கெண்டை நிறைய. கரைக்கு வந்தபோது இசக்கிராஜா கால்சட்டையோடு முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். மிதவையைப் பிடித்து இழுத்தான். மிதிகட்டையைப் பார்த்தான், பெல்ட்டைப் பார்த்தான், வாரில் மாட்டியிருந்த என் வலது காலைப் பார்த்தான். வாரைக் கழற்றி அந்தக் காலை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தான். டிக்கெட்டைப் பற்றி அவன் அன்றைக்கும் பேசவில்லை, நேற்று ஊருக்குப் போகும்போதும் பேசவில்லை. அவனும் வேல்விழியும் மட்டும்தான் போனார்கள்.

சங்கத்து ஆட்கள் படகைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணாச்சி, இது எந்தக் கம்பெனி? எந்த ஊர்ல வாங்கினிய?" என்று ஆளுக்கு ஒரு பக்கமாகக் கேட்டார்கள். பாதிப் பேர் நிச்சயதார்த்தத்தில் சிரித்தவர்கள். சித்திரைக்குப் பிறகு நான் அவர்கள் முன்னால் வாயைத் திறந்ததில்லை. இசக்கிராஜா எனக்காகப் பதில் சொல்ல வந்தான், கையைக் காட்டி நிறுத்தினேன்.

"எஞ் சம்மந்தியம்மா செஞ்சது. அவ பிட்டரு" என்றேன்.

"ஆங்?" என்றார்கள்.

இன்னொரு தடவை சொன்னேன். அப்போதும் இரண்டு பேர் "ஆங்?" என்றார்கள். வாயில் எச்சில் வழிந்தது, துடைத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை குளம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஒருவன் மட்டும் குனிந்து மிதிகட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சம்மந்தியம்மா பிட்டராம்லே" என்று பக்கத்திலிருந்தவனுக்குச் சொன்னான். அவன் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இலை போட்டு வைத்திருப்பேன்.

உன் அண்ணன்,
மருதப்பன்